பாவாடை மடிப்பில் பனி

மைதானத்தின் ஓரத்தில் ஒரு வண்ணத் துணியை விரித்து அதன்மேல் தொப்பிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கறுப்பு, பழுப்பு, சாம்பல். விளிம்பு சிறுத்து, உச்சி உருண்டு, சார்லி சாப்ளின் போடுவாரே, அந்த மாதிரித் தொப்பிகள். எண்ணினேன், பதினான்கு. அவற்றுக்குக் காவலாக இரண்டு வயது மதிக்கத்தக்க குழந்தை ஒன்று பாதி தின்ற வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தது. தொப்பிக்காரிகள் எல்லாரும் உள்ளே பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

இடம், பொலிவியாவின் எல் ஆல்தோ. லா பாஸ் நகரம் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிண்ணத்தின் விளிம்பில் பரந்து கிடக்கும் ஊர் இது. உயரம் சுமார் 4,150 மீட்டர். வேலை நிமித்தமாகச் சிலியில் சில மாதங்கள் இருந்தபோது, கிடைத்த பத்து நாள் விடுப்பில் வந்திருந்தேன். விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக நாலு எட்டு வைத்ததற்கே தலைவலி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கோக்கா இலைத் தேநீரும் ரொட்டியுமாகப் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் கேபிள் காரில் ஏறி மேலே வந்து, கால் போன போக்கில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அப்படிக் கண்ணில் பட்டதுதான் இந்த மைதானம்.

மைதானம் என்றதும் புல்தரையை நினைக்க வேண்டாம். சிமெண்ட் தளம், இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் செய்த கோல், சுற்றிலும் கம்பிவலை. நான்கு படி ஏறித் திட்டில் உட்கார்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் பாதித் தளத்திலிருந்து கோல் வரைக்கும் பந்தோடு ஓடினார். அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்ததைப் பார்த்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அவர் உடுத்தியிருந்தது பொல்யேரா. அகலமான பாவாடை, கணுக்காலுக்குச் சற்று மேல் வரை. ஒன்று தைக்கவே ஏழெட்டு மீட்டர் துணி பிடிக்கும் என்கிறார்கள். இடுப்பைச் சுற்றி நெருக்கமாகக் கொசுவி, கீழே குறுக்குவாட்டில் அடுக்கடுக்காக மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். உள்ளே மூன்று நான்கு உள்பாவாடை. மேலே சாதாரண நாளில் நீளக் குஞ்சம் தொங்கும் சால்வை, அதைப் பிடிக்க ஒரு ஊசிப்பதக்கம். ஆட்டத்துக்காகச் சால்வையும் தொப்பியும் கழன்று ஓரத்துக்குப் போய்விட்டன. மேலே எண் போட்ட ஜெர்சி, கீழே பொல்யேரா, காலில் கான்வாஸ் ஷூ. முதுகில் தொங்கும் இரண்டு பின்னல்களையும் ஒன்றாக முடிந்திருந்தார்கள்.

பத்து நிமிடம் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. இந்த ஆட்டத்தில் பந்து அடிக்கடி காணாமல் போகிறது. பச்சைப் பொல்யேரா ஒருத்தி பந்தை வாங்கினாள். அடுத்த நொடி பந்து இல்லை. பாவாடைக்கு அடியில் எங்கோ இருக்கிறது, எந்தக் காலில் என்று தெரியவில்லை. தடுக்க வந்தவள் எதிரில் நின்று பாவாடையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு வலப்பக்கம் ஆடியது, இவளும் வலப்பக்கம் சாய்ந்தாள். பந்து இடப்பக்கமாக வெளியே வந்தது. கால் ஏமாற்று வேலை காட்டினால் கண்ணுக்குத் தெரியும். துணி ஏமாற்றினால் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், “பாவாடை தடுக்காதா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், “யாருக்கு?” என்றார்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நெஞ்சு நிறைய இழுத்தாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைவு. பந்துக்கு இது கொண்டாட்டம், தடுக்கக் காற்று இல்லாததால் வேகமாகப் பாயும், வளைவதும் குறையும். கீழிருந்து வரும் கோல்கீப்பர்கள் அழுவது இதனால்தான். 2007 மே மாதம் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று அறிவித்தபோது பொலிவியாவே கொதித்தது. அன்றைய அதிபர் ஏவோ மொராலெஸ், அவரும் இந்தப் பெண்களைப் போல ஐமரா என்கிற ஆண்டிஸ் மலைப் பூர்வகுடி இனத்தவர், சஹாமா மலையில் பனிக்கு நடுவே ஆடிக்காட்டினார். அடுத்த வருடமே தடையை நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2009 ஏப்ரல் 1ஆம் தேதி மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அணி லா பாஸில் வந்து 6-1 என்று தோற்றுப் போனது. அதில் மெஸ்ஸியும் ஆடினார். இந்த ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் அந்த 6-1 வந்துவிடும்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதல், நெஞ்சுக்கூடும் அகலம். பல ஆயிரம் வருடம் இந்த மேட்டுநிலத்திலேயே வாழ்ந்ததன் பலன். ஆக மூச்சு அவர்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. பிரச்சினை செய்தவர்கள் எப்போதும் துணியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தத் துணியின் கதை விசித்திரமானது. பொல்யேரா ஆண்டிஸ் மலையின் ஆதி உடை கிடையாது. ஸ்பானியப் பெண்கள் உடுத்தியதன் சாயலில் காலனிய காலத்தில் வந்தது. 1780-81இல் துபாக் அமாரு, துபாக் கத்தாரி என்கிற பூர்வகுடித் தலைவர்கள் நடத்திய பெரும் கிளர்ச்சிகளை ஒடுக்கிய கையோடு, இன்கா மரபு உடைகளை உடுத்தக் கூடாது என்று ஸ்பானிய அதிகாரம் உத்தரவு போட்டது. பழையதைக் கழற்றச் சொன்னார்கள். சரி என்று ஆண்டவர்களின் உடையை எடுத்துக்கொண்ட பெண்கள், அதில் தங்கள் நிறத்தையும் மடிப்பையும் சால்வையையும் சேர்த்து, இரண்டு நூற்றாண்டில் அதைத் தங்களுடையதாக ஆக்கிவிட்டார்கள். மேல்தட்டு சீமாட்டிகள் அடுத்த ஃபேஷனுக்குப் போய்விட்டார்கள். பொல்யேரா இவர்களிடம் தங்கிவிட்டது. அதன் பிறகு அதை உடுத்தியதே குற்றமாகிவிட்டது.

1935இல் லா பாஸில் பொல்யேரா உடுத்திய பெண்கள் டிராமில் ஏறக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. கூடையும் பாவாடையுமாக ஏறினால் சீமாட்டிகளின் காலுறை கிழிந்துவிடுகிறதாம். அந்த டிராமில் போனவர்களில் பாதிப்பேர் அதே சீமாட்டிகளின் வீட்டுக்குச் சமைக்கப் போகிறவர்கள். சமையல்காரப் பெண்கள் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். பெத்ரோனிலா இன்ஃபாந்தெஸ் என்பவர் அதன் முகமாக இருந்தார். டிராம் தடை போனது, ஆனால் பார்வை போகவில்லை. உணவகத்திலும் அலுவலகத்திலும் சதுக்கத்திலும் அவமதிப்பு தொடர்ந்தது. பொல்யேரா உடுத்திய பூர்வகுடிப் பெண்ணைக் குறிக்கும் ‘சோலா’ என்பதே வசைச்சொல். இன்று செல்லமாகச் சொல்லப்படும் ‘சோலித்தா’ அதிலிருந்து வந்ததுதான். 1989இல்தான் ரெமேதியோஸ் லோசா, பொல்யேரா உடுத்திய முதல் பெண்ணாக நாடாளுமன்றத்துக்குள் போனார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த ஊரில் ‘பொல்யேராக்காரி’, ‘கவுன்காரி’ என்று பெண்களை உடையை வைத்தே இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. அம்மா பொல்யேராக்காரியாக இருப்பார். மகள் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே ஜீன்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுவார். ஒரே வீட்டுக்குள் ஒரு தலைமுறையில் கோடு விழுந்துவிடும். இது தெரிந்த பிறகு அந்தச் சிமெண்ட் மைதானத்தை நினைத்தால், ஜெர்சிக்குக் கீழே டிராக் பேண்ட் போட்டுக்கொள்வது எவ்வளவு சுலபம், அதைப் போடாமல் வந்திருக்கிறார்களே என்று தோன்றுகிறது.

மலை ஏறியவர்கள் கதைக்கு வருகிறேன். நான் பொலிவியாவுக்குப் போனதே அதற்காகத்தான்.

2015 டிசம்பரில் பதினொரு ஐமரா பெண்கள் வைனா பொத்தோசி மலையில் ஏறினார்கள். உயரம் 6,088 மீட்டர். அவர்கள் வயது 42 முதல் 50 வரை. பொல்யேராவுக்கு மேல் ஹார்னஸ் என்கிற, கயிறு மாட்டும் இடுப்புப் பட்டை, தலையில் ஹெல்மெட், பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்கிற இரும்பு முள், கையில் பனிக்கோடாரி. சாமானைச் சுமக்க முதுகுப்பைக்குப் பதிலாக அவாயோ, அதாவது குழந்தையையும் உருளைக்கிழங்கையும் முதுகில் கட்டிக்கொள்கிற அதே கோடுபோட்ட கம்பளித்துணி. பிறகு அக்கோதாங்கோ, பரினக்கோத்தா, லா பாஸில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும் 6,438 மீட்டர் இல்லிமானி என்று வரிசையாக ஏறினார்கள். 2019 ஜனவரியில் ஐந்து பேர் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். 23ஆம் தேதி அந்த அணி அக்கோன்காகுவாவின் உச்சியைத் தொட்டது. 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான சிகரம் உலகத்தில் இல்லை. லிடியா வாய்யாஸ், தோரா மகேன்யோ, அவர் மகள் ஆனா லியா கொன்சாலெஸ், சிசிலியா யுஸ்கோ, எலேனா கிஸ்பே என்று அவர்களில் பலரின் பெயர் இன்று பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

படங்கள் உலகம் பூராவும் போயின. வெள்ளைப் பனி, அதன்மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பாவாடைகள். யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் அந்தப் படம்தான் முதலில் பிடித்தது. தலைப்புகளெல்லாம் ‘சமையல்காரிகள் சிகரம் ஏறினார்கள்’ என்கிற மாதிரி இருந்தன. திடீரென்று அடுப்படியை விட்டு எழுந்து மலைக்குப் போனது போல.

அங்கேதான் எனக்கு உதைத்தது. அவர்கள் சமைத்தது எங்கே? அந்த மலையில்தான். கணவன்மார்கள் மலை வழிகாட்டிகள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 4,700 மீட்டரில் இருக்கும் அடிவாரத் தங்குமிடத்திலும், சுமார் 5,130 மீட்டரில் இருக்கும் மேல்முகாமிலும் சூப் காய்ச்சியவர்கள், பயணிகளின் மூட்டையைச் சுமந்து மேலே கொண்டுபோனவர்கள் இந்தப் பெண்கள். வருடக்கணக்காக, இதே பாவாடையில். 5,130 மீட்டர் என்பது ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்தை விட உயரம். அதுவரைக்கும் பாவாடையைப் பற்றி யாரும் ஆச்சரியப்பட்டதில்லை, படம் பிடித்ததும் இல்லை. மீதி 950 மீட்டர்தான் புதிது. அந்த 950 மீட்டரைக் காசு கொடுத்தவர்களுக்கும் ஆண்களுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தினமும் நள்ளிரவில் வரிசையாக விளக்குகள் மேலே போவதையும், காலையில் முகம் சிவந்து இறங்கி வருவதையும் பார்த்த இந்தப் பெண்கள், மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மலையேறும் பெண்ணின் பாவாடை உலகத்தில் ஏற்கெனவே ஒருமுறை பெரிய விவகாரமாகியிருக்கிறது, நேர் எதிர்த் திசையில். 1871இல் இங்கிலாந்தின் லூசி வாக்கர் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறியபோது பாவாடையில்தான் ஏறினார், அன்றைக்கு அதுதான் மரியாதை. 1895இல் அமெரிக்காவின் ஆனி பெக் அதே மலையைக் கால்சட்டையில் ஏறியபோது, ஏறியதை விடக் கால்சட்டையைப் பற்றித்தான் ஊர் பேசியது. அந்த ஆனி பெக் 1903இலும் 1904இலும் பொலிவியாவுக்கு வந்து இல்யாம்பு மலையில் ஏற முயன்றார், முடியவில்லை. 1908இல் பெருவின் உவாஸ்கரான் வடக்கு உச்சியை அடைந்தபோது அவருக்கு 57 வயது. பாவாடையைக் கழற்றித் தன் சுதந்திரத்தைக் காட்டிய பெண்ணும், கழற்ற மாட்டேன் என்று காட்டிய பெண்களும் ஒரே மலைத்தொடரில், நூறு வருட இடைவெளியில். இரண்டு பேரிடமும் ஊர் கேட்ட கேள்வி என்னவோ ஒன்றுதான்: ஏன் இதை உடுத்தியிருக்கிறாய்?

பொலிவியாவின் இன்னொரு நகரமான கொச்சபாம்பாவில் சின்னப் பெண்கள் பொல்யேராவோடு ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். இமில்யாஸ்கேட் என்று பெயர், 2019இல் தொடங்கிய குழு. இமில்யா என்றால் ஐமராவிலும் கெச்சுவாவிலும் சிறுமி, அதையும் நகரத்துக்காரர்கள் ஏளனமாகச் சொல்லிப் பழகியிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பொல்யேரா முழங்கால் வரைதான், தொப்பியும் வெள்ளை. தினப்படி அவர்கள் ஜீன்ஸ்தான். பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததை ஸ்கேட் செய்யும்போது மட்டும் உடுத்துகிறார்கள். ‘அப்படியானால் அது வேஷம்தானே’ என்று சிலியில் என்னோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா கழற்ற வைத்ததை மகள் தேடி எடுத்து உடுத்துகிறாள், அதுவும் ஒளிய முடியாத ஓர் இடத்தில். வேஷம் என்றால் நாலு பேர் பார்த்ததும் கழற்றிவிடலாம், சறுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. எல் ஆல்தோவிலேயே ஞாயிறு மாலை சோலித்தாக்களின் மல்யுத்தம் நடக்கும். 2000க்குப் பின் பிரபலமானது. லா பாஸிலிருந்து சுற்றுலாப் பேருந்தே விடுகிறார்கள், டிக்கெட்டோடு பாப்கார்னும் தருவார்கள். போனேன். பொல்யேரா குடைபோல விரிய, கயிற்றின் மேலிருந்து எதிராளியின் மேல் பாய்கிறார்கள். நாடகத்தனமான சண்டைதான், ஆனால் அந்தப் பல்டிக்குப் பயிற்சி வேண்டும், விழும்போது வலிக்கவும் வலிக்கும். உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து, திட்டி, ஆரஞ்சுத் தோலை எறிந்து, சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நடுவில் ஆண் நடுவர் ஒருவர் ஒரு பெண்ணைப் பின்னலைப் பிடித்து இழுத்தபோது என் வரிசையில் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை.

மெக்சிகோவின் மலைப்பள்ளத்தாக்குகளில் ராராமுரி என்கிற பூர்வகுடிப் பெண்கள் பூப்போட்ட நீளப் பாவாடையும் டயர் செருப்புமாக ஓடுவதும் இதே ரகம்தான். கோலால் ஒரு வளையத்தைத் தூக்கி எறிந்து எறிந்து அதன் பின்னே மணிக்கணக்கில் ஓடும் அரிவேத்தா அவர்களுடைய ஆட்டம். 2017இல் லொரேனா ராமிரெஸ் அந்த உடையிலேயே 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்ததும் உலகமே செருப்பைப் பற்றித்தான் கேட்டது. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

சரி, என் கதை. வைனா பொத்தோசி ஏறுவது என்று மூன்று நாள் ஏற்பாட்டுக்கு ஓர் இடத்தில் பணம் கட்டினேன். பூட்ஸ், கோட்டு, கிராம்பான் எல்லாம் வாடகைக்கு அவர்களே தருவார்கள். என் காலுக்குச் சரியான அளவு இல்லை. ஒரு அளவு பெரிசைக் கொடுத்து, “இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்” என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஏமாறுகிறவனுக்கு எந்த நாட்டிலும் ஒரே முகம்தான்.

முதல் நாள் பழைய பனியாற்றில் கிராம்பான் பயிற்சி. வழிகாட்டி எதிரே ஒரு மொட்டை மலையைக் காட்டி, அதுதான் சக்கால்தாயா என்றார். ஒரு காலத்தில் உலகத்திலேயே உயரமான பனிச்சறுக்குத் தளம் அங்கே இருந்தது. பனியாறு 2009இல் முழுக்கக் கரைந்துபோய் இப்போது வெறும் கல். எங்கள் காலடிப் பனியும் வருடா வருடம் மேலே நகர்கிறது, முன்பு பயிற்சி நடந்த இடம் இப்போது ஒரு குட்டை என்று கையை நீட்டினார். இரண்டாம் நாள் மேல்முகாம். கூழாங்கல்லும் பாறையுமான சரிவில் மூன்று மணி நேரம். கிளம்புவதற்கு முன் வழிகாட்டி மூன்று கோக்கா இலைகளை விரலிடுக்கில் வைத்து மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், கொஞ்சம் சாராயத்தைத் தரையில் தெளித்தார். ஐமராக்களுக்கு இந்த மலைகள் அச்சாச்சிலாக்கள், பாட்டன்மார். கேட்காமல் போகக் கூடாது.

பாதி வழியில் என்னைத் தாண்டி ஒரு பெண் போனார். நீலப் பொல்யேரா, முதுகில் அவாயோவுக்குள் எரிவாயு உருளை. என் முதுகில் இருந்தது தூக்கப்பையும் தண்ணீரும் மட்டும். மூச்சு வாங்க ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்து, “மெதுவா வாங்க, தம்பி” என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன சொல் ‘ஹோவென்’, இளைஞரே. நாற்பது தாண்டியவனை அங்கே சந்தையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முகாமில் அவர்தான் சமையல். ஓடு வேய்ந்த சின்னக் கூடம், அதன் மூலையில் அடுப்பு. கீன்வா சூப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்துவிட்டு, தானும் கிளம்பத் தயாரானார். அன்று இரவு வேறொரு குழுவோடு அவரும் மேலே போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தூக்கப்பைக்குள் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பாவாடைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே தடித்த கம்பளிக் காலுறை, அதற்கு மேல் பனிக்குப் போடும் கால்சட்டை. அதற்கு மேல் பொல்யேரா. ஹார்னஸை அதற்கு வெளியே மாட்டி இறுக்கியதும், பாவாடை இடுப்பிலும் தொடையிலும் பொதியாகத் தூக்கிக்கொண்டது. முன்பக்க விளிம்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி ஹார்னஸ் பட்டைக்குள் செருகினார். கிராம்பான் முள் துணியில் மாட்டினால் ஆளே கவிழ்ந்துவிடும். ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்லும் சொல்லை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

வாய் சும்மா இருக்கவில்லை. மைதானத்தில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டேன். “சேனியோரா, பாவாடை தடுக்காதா?”

“பூட்ஸ்தான் தடுக்கும்,” என்றார். காலைத் தூக்கிக் காட்டினார். ஆண்களுக்கான பூட்ஸ், இரண்டு அளவு பெரிசு. முன்னால் கம்பளித் துண்டு திணித்திருந்தார். “என் அளவில் வாடகைக்கு வைப்பதே இல்லை.”

நான் என்னுடையதைக் காட்டினேன். அவர் குனிந்து என் கட்டை விரல் இருக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நீங்க போக வேண்டாம், ஹோவென்” என்றார்.

போனேன். நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குக் கிளம்பினோம். சூரியன் ஏறினால் பனி இளகிவிடும், அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். மேலே, எனக்கு வெகு முன்னால், தலைவிளக்குகள் ஊசியில் கோத்த மணி மாதிரி நகர்ந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் பூட்ஸுக்குள் குதிகால் தோல் உரிந்து காலுறை ஈரமாகிவிட்டது. ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்றேன். சுமார் 5,400 மீட்டரில் வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார், கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

முகாமுக்குத் திரும்பித் தூங்கி எழுந்தபோது வெளியே நல்ல வெயில். ஆனால் காற்று கத்தி. ஒன்பது மணிவாக்கில் மேலே போன குழுக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. நீலப் பொல்யேராவும் வந்தது, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக. மடிப்புக்கு மடிப்பு பனி ஏறி உறைந்திருந்தது. உச்சிக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அவர் கூட்டிப்போன பயணிகளில் ஒருவன் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிறகு உள்ளே போய் வேறு பாவாடை மாற்றிக்கொண்டு வந்து, நனைந்ததைக் கொடியில் போட்டார். ஒரு பக்கம் எங்கள் வாடகைக் கோட்டுகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பொல்யேரா அசையவில்லை. ஏழெட்டு மீட்டர் துணியும் விறைத்து, வட்டமாக, உள்ளே ஆள் நிற்பது மாதிரி நின்றது. யாரோ படம் எடுக்கப் போனார்கள். அவர் போய் அதை ஒரு குச்சியால் நாலு தட்டுத் தட்டினார். பனி சில்லுச்சில்லாக உதிர்ந்தது. அப்புறம் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மதியத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்.